புலிக்கும் குரங்குக்கும் பொருத்தம்

"புலியும் குரங்கும் ஒருநாளும் ஒண்டாய் இருக்காதாம்!"

பாரிசின் லா சப்பலில் தன் போன் கடையைப் பூட்டியபடி வலன்ரைன் இதைச் சொன்னபோது, முகம் பூவாய் மலர்ந்திருந்தது.

"என்ன கதைக்கிறியள்?" என்றாள் மனைவி இம்மாகுலேற்.

"சீனச் சாத்திரமப்பா. ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு மிருகம். எங்கடை நிரஞ்சலா தொண்ணூற்றெட்டு, புலி. அந்தப் பெடியன் தோமா தொண்ணூற்றிரண்டு, குரங்கு. தாய்க்காரி கேட்ட உடனை கலியாணம் குழம்பும்."

"குழம்பவேணும் எண்டோ நிக்கிறியள்? மகளிட்டை ஓம் எண்டு சொன்னனீங்களெல்லோ!"

"நான் ஓம்தான். வேண்டாமெண்டு அவை சொல்லட்டும்."

'நான் இனம் பாக்காத ஆள்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். சீன மருமகன் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்?

சாப்பாட்டுக் கடையில் தோமாவும் அவன் தாய் மதாம் லின்னும் நிரஞ்சலாவோடு காத்திருந்தார்கள். மதாம் லின் மட்டன் ரோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார். நிரஞ்சலாவுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டார். ஆனால், பிறந்த வருசத்தை மட்டும் கேட்கவே இல்லை.

தேத்தண்ணியும் வந்துவிட்டது. வலன்ரைனுக்குப் பொறுக்கவில்லை. பிரெஞ்சில் தானே தொடங்கினார்.

"மதாம், நீங்கள் வருசப் பொருத்தம் பார்ப்பதில்லையா? என் மகள் புலி. உங்கள் மகன் குரங்கு. பெரிய பொல்லாப்பாம்!"

"பப்பா!" நிரஞ்சலாவின் முகம் கறுத்துப்போனது.

"எனக்கு நித்திரையே இல்லை, மதாம். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்துவிட்டால்?" என்று வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

மதாம் லின் கோப்பையைக் கீழே வைத்தார். வலன்ரைனின் கண்களைப் பார்த்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

முடிந்தது கதை என்று வலன்ரைன் உள்ளுக்குள் சிரித்தார்.

"தோமா குரங்கு இல்லை, முசியே. கடதாசியில்தான் தொண்ணூற்றிரண்டு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த அவதியில் பிழையாய்ப் பதிந்துவிட்டோம். உண்மையில் தொண்ணூற்றுநான்கு. நாய் வருசம். நாயும் புலியும் அருமையான பொருத்தம்!"

தோமா வாயைத் திறந்தான். தாய் பார்த்த பார்வையில் அதற்குள் ஒரு ரோல்ஸைத் திணித்துக்கொண்டான்.

கடதாசியில் பிழை வராது என்று வலன்ரைன் வாதாடவா முடியும்? அவருடைய வதிவிடக் கார்ட்டிலேயே அவருக்கு இரண்டு வயது குறைவு!

"அப்ப திகதியை வைப்பமே?" என்று முதலில் எழுந்தவள் இம்மாகுலேற். நிரஞ்சலா ஓடிப்போய் மதாம் லின்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் கை தட்டினார்கள். கடைக்காரர் கேசரித் தட்டோடு வந்தார். மகள் இப்படிச் சிரித்து வலன்ரைன் பார்த்ததே இல்லை.

தாயும் மகனும் விடைபெற்றுப் போனபின், மிஞ்சிய ரோல்ஸைக் கட்டி வலன்ரைன் கையில் கொடுத்தாள் இம்மாகுலேற்.

"ஓடிப்போய்க் குடுத்திட்டு வாங்கோ. சம்பந்தி வீட்டுக்காரர்!"

மெத்ரோப் படியில் இருவரும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வாயெடுத்தவர், தோமா தாயிடம் பிரெஞ்சில் கேட்பது காதில் விழ நின்றார்.

"அம்மா, நான் பிறந்தது இங்கே பாரிசில், தொண்ணூற்றிரண்டில்தானே? நம் வீட்டில் இந்தச் சாத்திரத்தை யாருமே பார்ப்பதில்லையே! பிறகு ஏன் அந்தப் பொய்?"

"நமக்காகவா சொன்னேன்? அந்த மனுசர் மகளை நினைத்து அழுததைப் பார்த்தாய்தானே. பிள்ளைமேல் அவ்வளவு உயிரை வைத்திருக்கிற தகப்பனைப் பயத்தோடு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லையடா."