சைக்கஸ் விதையும் உர அத்தையும்

விதை முளைக்க ஊட்டமான மண் வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் நான் கதைக்குள் போக இயலாது. குட்டிப் பனைபோல் இலை விரிக்கும் அழகுச்செடியான சைக்கஸின் விதை தனக்கு வேண்டிய சாப்பாட்டை ஓட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் தேங்காத இடம் கிடைத்தால் அதற்குப் போதும்.

அப்படியோர் அரிய விதை ஒரு நர்சரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே இரண்டு தொட்டிகள் காத்திருந்தன. ஒன்றில் தொழு உரம் இருந்தது, மற்றதில் பருமணல்.

“இங்க வா கண்ணு,” என்றது உரம். “அத்தைகிட்ட எல்லாம் இருக்கு.”

“போன வருஷம் எங்க அண்ணன் உங்ககிட்டதானே வந்தான், அத்தை?”

“வந்தான். மூணே வாரத்துல அழுகிப் போயிட்டான்.” என்றது உரம். “ஆனா வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் போனான்.”

விதை மணலின் பக்கம் திரும்பியது. “நீங்க என்ன தருவீங்க, மாமா?”

“ஒண்ணும் கிடையாது. ஊத்துற தண்ணியக்கூட வச்சுக்க மாட்டேன்.”

விதை மணலில் பாதி புதைந்து படுத்துக்கொண்டது. அடுத்த எட்டு மாதமும் பக்கத்துத் தொட்டியிலிருந்து தினம் ஒரு குரல் வந்தது.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு, அத்தை.”

ஒன்பதாம் மாதம் முதல் இலை சுருள் விரித்தது.

“இப்படி இளைச்சுட்டியே,” என்றது உரம்.

இலைக்கு மனசு கேட்கவில்லை. “சரி, ஒரே ஒரு கரண்டி போடுங்க.”

உரம் மூன்று கரண்டி பரிமாறியது. இலையின் நுனி மட்டும் கொஞ்சம் கருகியது.