ஒன்பதால் வகுக்காத நாள்

"நாப்பத்து நாலு. முப்பத்திரெண்டு போனா பன்னெண்டு. ஷால் போதும்."

சொல்லிவிட்டு அவன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான்.

அவள் கதவருகே நின்றாள். பன்னிரண்டு இல்லை. அதை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும். ஆறு புள்ளி ஆறு ஏழு. அவன் முதல் முடிச்சைப் போடுவதற்குள் அவளுக்கு விடை வந்துவிட்டது.

ஷாலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி ஐந்து மாதம். அவன் பத்து நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். விசா கிடைத்து அவள் கோவில்பட்டியிலிருந்து இந்தக் க்ளீவ்லேண்டுக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகிறது.

கோமதிநாயகம் தங்கமானவன். பேச்சுதான் வராது. குழம்பு நன்றாயிருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வான். அதுதான் பாராட்டு.

ஆனால் தினமும் காலையில், இந்தக் கதவருகே, அவனுக்கு நாக்கு விழித்துக்கொள்ளும். போனைப் பார்ப்பான். அமெரிக்காக்காரன் டிகிரியை அவளுக்காக ஊர்க் கணக்குக்கு மாற்றுவான். அறுபத்தெட்டு, அதாவது இருபது, ஒண்ணும் வேணாம். ஐம்பது, அதாவது பத்து, ஸ்வெட்டர்.

ஒரு நாளைக்கு அவன் அவளோடு சேர்ந்தாற்போல் பேசுவது அவ்வளவுதான்.

தப்பு என்று சொன்னால் அதுவும் நின்றுபோகும். அவளுக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது. இன்னும் நாற்பது வருடம் இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க அவளால் ஆகாது.

"சரிங்க" என்றாள்.

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தார்கள். அவன் ஆறு வருடமாக அந்தக் குளிரில் ஊறியவன். அரைக்கைச் சட்டையில் கையாட்டிவிட்டு ஏறிப்போனான். பொழுது போக்க அவள் தினமும் போகும் நூலகத்துக்கு இன்னும் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

பல் தந்தியடித்தது. அவள் ஒன்பதைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. எழுந்திருக்க முடியவில்லை.

அவன் அவள் நெற்றியில் கை வைத்தான். அதற்கே இரண்டு முறை யோசித்தான். ஓடிப்போய் தெர்மாமீட்டர் வாங்கி வந்து அவள் நாக்குக்கடியில் செருகினான். அது கூவியதும் எடுத்துப் பார்த்தான்.

நூற்றியொன்று.

அவன் முகம் வெளுத்துவிட்டது. உதடுகள் தாமாகவே முணுமுணுக்கத் தொடங்கின. முப்பத்திரண்டைக் கழித்தான். ஐந்தால் பெருக்கினான். இந்தத் தடவை ஒன்பதால் வகுக்கவும் செய்தான். சட்டென்று முகம் தெளிந்தது.

"முப்பத்தெட்டுதான், வடிவு. நம்ம ஊரு சித்திரை வெயில். காட்டன் போதும்."

அவள் அவனைப் பார்த்தாள்.

ஊரில் வெயில் செல்சியஸில் அடிக்கும். காய்ச்சல் பாரன்ஹீட்டில் அடிக்கும். நூற்றியொன்று என்றால் நூற்றியொன்று. கைக்குழந்தையின் தாய்கூட அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்தாள். அடங்கவில்லை. இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வழிந்தது. சிரிப்போடு சிரிப்பாக உண்மையும் வெளியே வந்துவிட்டது.

"நேத்து வகுக்காம விட்டீங்கல்ல, அதுதாங்க இந்தக் காய்ச்சல்."

அவன் விழித்தான். பிறகு விரலை மடக்கி நேற்றைய கணக்கைப் போட்டான். உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"பி.எஸ்ஸி. மேத்ஸ். ஜாதகத்தோட எழுதிக் குடுத்தாங்களே, படிக்கலையா?"

அவன் காது சிவந்தது.

"நான் போட்டோவ மட்டுந்தான் பார்த்தேன்."

அவளுக்குக் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றான்.

"சொல்லிட்டா, அப்புறம் காலையில என்ன பேசுவீங்க?"

அவன் எழுந்து அடுக்களைக்குப் போனான். வெகு நேரம் மிளகு தட்டும் சத்தம் கேட்டது. ரசத்தில் உப்பே இல்லை. அவள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு உடம்பு தேவலாம். கதவருகே அவன் வழக்கம்போலப் போனைப் பார்த்தான்.

"முப்பத்து நாலு" என்றான்.

கழிக்கவில்லை. பெருக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவளைப் பார்த்து நின்றான்.

"நான் என்ன போட்டுக்கிடட்டும்?"

ஆறு பனிக்காலம் பார்த்தவன் கேட்கிற கேள்வியா?

அவள் உள்ளே போனாள். தன் பெட்டியின் அடியில் கையை விட்டாள். அவன் அம்மா கொடுத்தனுப்பியது. இங்கே யாரும் போடுவதில்லை என்று வந்த அன்றே தெரிந்துகொண்டு அவளே ஒளித்துவைத்தது. காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் காப்பிக்கலர் குரங்குக் குல்லா.

அவன் அதைப் பார்த்தான். ஒரு நொடி அவனுடைய ஆபீஸ் முழுக்க அவன் கண்ணில் வந்துபோனது தெரிந்தது.

பிறகு தலையைக் குனிந்தான்.

அவள் மாட்டிவிட்டாள். மூக்கும் கண்ணும் மட்டும் மிஞ்சின.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் நாயைக் கூட்டிப்போன வெள்ளைக்காரக் கிழவர் நின்று திரும்பிப் பார்த்தார். நாயும் பார்த்தது. அவன் விறுவிறுவென்று நடந்தான்.

முனை திரும்பியதும் கழற்றிவிடுவான் என்று நினைத்தாள்.

முனைக்கு அப்பால், பஸ் நிறுத்தத்துக் கூட்டத்தில், இலையுதிர்ந்த மரத்தின் இடைவெளி வழியே காப்பிக்கலர் தெரிந்தது.

பஸ் வந்து அவன் ஏறும்வரை தெரிந்தது.