யானைப் பாறை

"இது யானையாம்! தும்பிக்கை எங்கேம்மா? வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துடுச்சா?"

படகின் முன்வரிசையிலிருந்து பச்சைத் தொப்பிக்காரர் சத்தம் போட்டுக் கேட்டார். கையில் மைக்கோடு நின்றிருந்த வழிகாட்டி சிகுசாவின் முகம் சுருங்கியது.

அதுவரை படகில் ஒருவரும் அந்த யானைப் பாறையைப் பார்க்கவில்லை. ஜப்பானின் சான்இன் கடற்கரையைப் பார்க்கவென்று பயணிகள் ரயிலிலும் பேருந்திலும் அவ்வளவு தூரம் வருவார்கள். படகில் ஏறியதும் பெட்டிச் சோற்றைப் பிரிப்பார்கள். தின்று முடித்ததும் தூங்குவார்கள். இறங்கும்போது மட்டும் "அருமை, ரொம்ப அருமை" என்று இடுப்பு ஒடியக் குனிந்து வணங்குவார்கள். தூங்குவதற்கு வீட்டில் பாய் இல்லையா என்ன? அப்படி வணங்கிவிட்டுப் போன எவரும் மறுபடி வந்ததில்லை. தெரிந்தவர்களை அனுப்பி வைத்ததும் இல்லை.

இலையுதிர்காலம் முடிவதற்குள் கூட்டம் சேராவிட்டால் படகை நிறுத்திவிடுவோம் என்று துறைமுகச் சங்கம் கரையில் அறிவிப்பே வைத்துவிட்டது. படகு நின்றால் சிகுசாவின் பிழைப்பும் நின்றது.

"கொஞ்சம் இடது பக்கமா வந்து பாருங்க ஐயா, தும்பிக்கை தெரியும்," என்றாள் அவள் பணிவாக.

"இடது பக்கமிருந்து பார்த்தா உருளைக்கிழங்கு. வலது பக்கமிருந்து பார்த்தா எங்க ஆபீஸ் மேனேஜர். யானை எந்தப் பக்கமும் இல்லையே!"

தூங்கிக்கொண்டிருந்த நிஷிவாகி ஒரு கண்ணைத் திறந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் நடுவில் இப்படி மரியாதையில்லாமல் ஒரு குரல் கேட்டால் நம் ஊரில் செத்தவனும் எழுந்து உட்காருவான். அவர் மெல்ல இடது பக்கம் போய்ப் பாறையைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் எழுந்து போனார்கள்.

"அடுத்து வர்றது தம்பதிப் பாறைங்க. எவ்வளவோ புயல் அடிச்சிருக்கு, ரெண்டும் பிரிஞ்சதே இல்ல. நடுவுல இருக்கிற வைக்கோல் கயித்தை வருஷாவருஷம் நாங்க புதுசா மாத்திக் கட்டுவோம்."

"எதுக்குக் கட்டணும்? அவுத்து விட்டா பொண்டாட்டிப் பாறை ஓடிடுமா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது இருக்கையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கம்பியோரம் நின்று, ஓடிப்போகிற பாறை எது, ஓடாத பாறை எது என்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிகுசா விடாமல் தொடர்ந்தாள். "பெரிய பாறையை நாங்க..."

"நாங்க நாங்கன்னு மென்னு முழுங்காதேம்மா! உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம். வீட்டுலயும் தினம் இதே பிரசங்கம்தானா?"

மைக் அவள் கையிலிருந்து தாழ்ந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

படகில் எல்லோருக்கும் கோபம். ஆனாலும் வாயைத் திறக்க ஆளில்லை. ஒருவர் கடலைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நாகரிகம்.

கடைசி வரிசையிலிருந்து பழுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி விறுவிறுவென்று முன்னால் வந்தாள். கையிலிருந்த சுற்றுலாக் கையேட்டைச் சுருட்டி, பச்சைத் தொப்பி மேல் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"வாயை மூடு! அந்தப் பொண்ணு வயித்துப் பிழைப்புக்கு நிக்குது. உன்னைப் பெத்தவ இதைக் கேட்டா வெட்கத்துலயே செத்துப் போயிடுவா!"

"ஏம்மா, நான் காசு குடுத்து ஏறினவன்..."

இரண்டாவது அடி இன்னும் பலமாக விழுந்தது.

அவ்வளவுதான். "அந்த அம்மா சொல்றதுதான் நியாயம்!" என்று நிஷிவாகி முன்னால் வந்தார். "மன்னிப்புக் கேளுய்யா!" என்று பின்னாலிருந்து பல குரல்கள். ஒருத்தர் துணிந்து அடித்த பிறகு வீரம் வருவதில் நம்மவர்களை மிஞ்ச முடியாது.

கரை வந்ததும் பச்சைத் தொப்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாக இறங்கி ஓடினார். மற்றவர்கள் வரிசையில் நின்று சிகுசாவை வணங்கினார்கள்.

"அழாதீங்கம்மா," என்றார் நிஷிவாகி. "அடுத்த வாரம் என் பழைய மாணவர்களைக் கூட்டிட்டு வர்றேன். அந்த மாதிரி ஆளுங்களால இந்தப் படகு நின்னுடக் கூடாது."

எங்கள் மகளிர் சங்கத்துக்கு முழுப் படகும் வேண்டும் என்று நாள் கேட்டாள் ஒருத்தி. இன்னொருவர் நடந்ததையெல்லாம் போனில் எழுதி, 'எல்லோரும் வந்து இந்தப் பெண்ணை ஆதரியுங்கள்' என்று அங்கேயே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

பேருந்து கிளம்பியது. சிகுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பின்னால் போனாள். அங்கே மீன்பெட்டி மேல் உட்கார்ந்து, பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"'கட்டிக்கிட்டவன் பாவம்'னீங்களே, அது ஒத்திகையில இல்லையே?" என்று கேட்டாள் சிகுசா. இப்போதும் அவள் குரல் தழுதழுத்தது.

"வாயில வந்துடுச்சு, விடு," என்றான் அவள் கணவன். அடுத்த நடைக்குச் சிவப்புத் தொப்பியை எடுத்து மாட்டினான். பழுப்புக் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து முனகினான்: "ஏம்மா, பெத்த பிள்ளைன்னுகூடப் பார்க்காம இப்படியா அடிப்பே? நாடகத்துக்கு ஒரு அடி போதாதா?"

"முதல் அடிதான்டா நாடகம்," என்றாள் அவள். "ரெண்டாவது, உன்னைப் பெத்தவ அடிச்சது."