பாட்டு ஊர் வழியாக

ஊர் எல்லையில் சிமென்ட் வீணை ஒன்று நின்றது. குடத்தின் மேல் காக்கை எச்சம்.

மனைவி நிறுத்தச் சொன்னாள். அவர் காரை ஓரம் கட்டினார்.

சாயங்காலத்துக்குள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். விடிந்தால் அவளுக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல்தான் போகும் என்றார் டாக்டர். அந்தக் 'குரல்தான்' அவருக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

பைபாஸில் போயிருந்தால் மதியமே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள்தான் ஆற்றோரமாகப் போகச் சொன்னாள். பாட்டுக்குப் பேர்போன இந்த ஊரைப் பார்க்க வேண்டுமாம். கல்யாணமான புதிதில் கேட்டது. இப்போதுதான் அவருக்கு ஒழிந்தது, பாருங்கள்.

ஊரில் எல்லாமே சங்கீதமாக இருந்தது. சரிகம ஜவுளிக்கடை. மோகனம் மெஸ். டீக்கடையில் மட்டும் சினிமாப் பாட்டு ஓடியது.

சங்கீத மகானின் சமாதி மண்டபம் படித்துறையை ஒட்டி இருந்தது. வேனில் வந்த கூட்டம் ஒன்று ஆளுக்கொரு சுருதியில் பாடி முடித்துவிட்டுத் திருப்தியாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பூக்கூடையோடு வந்தார்.

"ஒரு அடியாச்சும் பாடிட்டுப் போங்கம்மா. இங்க வர்றவங்க பாடாமப் போறதில்ல."

உடம்புக்கு முடியவில்லை என்று இவர் குறுக்கே புகுந்து சொல்லப் பார்த்தார். அவள் கையமர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

கண்ணை மூடினாள். தொடையில் தாளம் விழுந்தது.

ஆறு மாதமாகக் கரகரத்துப்போன குரல். கீழே, ரொம்பக் கீழே பிடித்துக்கொண்டு தொடங்கினாள். சுருதி மட்டும் துளி பிசகவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து தூணோரம் நின்றாள்.

பாட்டைப் பதிவுசெய்ய அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சத்தமில்லாமல்தான் எடுத்தார். அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்தாள்.

பாட்டு பாதி வரியில் நின்றது.

"உள்ள வைங்க அதை. நல்லா இருந்த காலத்துல ஒரு நாளாச்சும் எடுத்தீங்களா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எடுத்ததில்லை. அவள் அடுக்களையில் பாடினால் நியூஸ் சத்தத்தைக் கூட்டி வைத்த மனுஷன் அவர். வெட்கமாக இருந்தது. மீதியையும் பாடு என்று கேட்க வாய் வரவில்லை. பூக்கூடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரில் பேச்சில்லை.

பாலம் தாண்டியும் பேச்சில்லை.

நாளையிலிருந்து வீடு இப்படித்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தார்.

சாலை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் கும்பகோணம், புதுச்சேரி என்று பலகை இருந்தது. அவள் அதைப் பார்த்து, "ரைட்டு" என்றாள். அவ்வளவுதான்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இதே சாலைகளில் பஸ் ஓட்டியவர் அவர். தூக்கத்தில்கூட இந்தப் பக்கம் வழி தவற மாட்டார்.

இடப்பக்கம் திருப்பினார்.

ஆரம்பித்துவிட்டாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள், பலகையில் அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறதே, இருட்டிய பிறகு போனால் ஆஸ்பத்திரியில் எவன் சேர்த்துக்கொள்வான், இந்த லட்சணத்தில் உங்களை நம்பி ஒரு பஸ் நிறைய ஜனங்கள் ஏறினார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ. வாழைத்தோட்டம் முடிந்து செங்கல் சூளை வந்தது. அப்போதும் ஓயவில்லை.

அவர் கொஞ்சம் இறங்கியிருந்த கண்ணாடியை ஏற்றினார். ஏசியை அணைத்தார். காருக்குள் இப்போது அவள் குரல் மட்டும்தான்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அடுத்த பிரிவு வந்தது. இந்தத் தடவை வாயால் சொன்னதோடு விடவில்லை. அவர் முகத்துக்கு எதிரே கையை நீட்டி வலப்பக்கம் காட்டினாள்.

மறுபடியும் இடப்பக்கம் திருப்பினார்.

அவள் அவரையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சீட்டில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.

பிறகு தொடங்கினாள். இந்தத் தடவை, கல்யாணத்தன்று காலையிலிருந்து.