பன்னிரண்டாவது ஆள்

காலடியில் நடுக்கம் நின்றுபோயிருந்தது.

அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். வெறும் பாதத்தைப் பாறையில் அழுத்திப் பார்த்தான். காலையிலிருந்து உள்ளங்காலில் ஊர்ந்துகொண்டிருந்த கம்ப்ரசரின் அதிர்வு இல்லை.

நிமிர்ந்தான். குவாரிக்குள் ஒரு தலை இல்லை.

பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. சங்கு ஊதியிருக்கிறார்கள். வெடி வைக்கும் முன் ஊதுகிற சங்கு. எல்லோரும் மேலே போய்விட்டார்கள்.

ஓடினான்.

மற்ற நாளென்றால் பக்கத்தில் அங்காயி இருப்பாள். சங்கு ஊதியதும் ஒரு கல் சில்லியை எடுத்து அவன் முதுகில் எறிவாள். அவளுக்கு இடது கால் சூம்பியது. கக்கத்தில் கட்டையை ஊன்றி நடப்பாள். அவனும் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே ஏறுவான். ஒருமுறை அவசரத்தில் அவளை முதுகில் தூக்கப் போனான். கட்டையால் முழங்காலில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு தூக்கப் போனதில்லை.

இன்று காலையில் தவசி மேஸ்திரி அவளை மட்டும் மேற்கு மூலைக்கு அனுப்பிவிட்டார். பெரிய பாறைக்கு அந்தப் பக்கம், சல்லி பொறுக்க.

அவளுக்குத்தான் காது கேட்குமே. முன்னாலேயே கிளம்பி மேலே போயிருப்பாள்.

அப்படி நினைத்துக்கொண்டுதான் ஏறினான்.

மேட்டில் ஆட்கள் கூடி நின்றார்கள். மேற்கே மேகம் கறுத்துத் தொங்கியது. வெடிக்காரர் வானத்தைப் பார்ப்பதும் கம்பியைப் பார்ப்பதுமாக இருந்தார். குழிகளில் மருந்து இறங்கிவிட்டது. மின்னல் முந்திக்கொண்டால் மருந்து யாரையும் கேட்காமல் தானே வெடிக்கும்.

மேஸ்திரி விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றில் விரல் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"அந்தா வந்துட்டான்யா ஊமைப்பய. பன்னெண்டு. ஆளு சரி."

"அவன் கெடந்தா என்ன மேஸ்திரி? வெடிச்சாலும் அவனுக்குத் தூக்கம் கலையாதுல்ல" என்றான் டிப்பர் ஓட்டுகிற சன்னாசி.

சிரித்தார்கள்.

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரியின் உதடு ஒட்டிப் பிரிந்ததை மட்டும் பார்த்தான். தினமும் பார்க்கிற உதடு.

பன்னிரண்டு.

அது எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும்.

இந்தக் குவாரியில் அவன் அரை ஆள். அங்காயி அரை ஆள். ஆள் நோட்டில் இருவருக்கும் பெயர் கிடையாது. ஊமை, நொண்டி என்று ஒரே வரி. இரண்டும் சேர்ந்தால் ஒன்று. ஆறு வருடமாக மேஸ்திரிக்கு அதுதான் பழக்கம். இருவரும் சேர்ந்தே ஏறி வந்ததால் ஒரு நாளும் பிசகியதில்லை.

முகம் முகமாகத் தேடினான்.

எல்லாம் முழு ஆட்கள்.

மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கக்கத்தில் கையை முட்டுக்கொடுத்து, ஒரு காலை இழுத்து நடந்து காட்டினான்.

"கால்ல சில்லி ஏறிருச்சு போல. நொண்டுறான் பாரு" என்றார் மேஸ்திரி.

மேற்கு மூலையைக் கை நீட்டிக் காட்டினான். திரும்பத் திரும்பக் காட்டினான்.

ஆட்கள் அவன் கை போன திசையில் பார்த்தார்கள். அங்கே மேகம் இருந்தது.

"அட, மழ வருதுங்கிறான்யா. ஊமைக்கே தெரிஞ்சுபோச்சு. வெரசா வைங்கண்ணே."

வெடிக்காரர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதைக் கம்பி மாட்டிய வெடிப்பெட்டியில் சொருகித் திருகினால் போதும்.

சொருகினார்.

அவன் பாய்ந்தான். சாவியைப் பிடுங்கி வாய்க்குள் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

நாலைந்து பேர் மேலே விழுந்தார்கள். ஒருவன் நெஞ்சில் முழங்காலை வைத்தான். மேஸ்திரி இரண்டு கையாலும் அவன் தாடையை நெரித்தார்.

"வாயத் தொற. தொறடா வாய."

இரும்பும் உப்புமாகக் கரித்தது. ரத்தமாக இருக்கும்.

அவன் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கொட்டவில்லை.

முதலில் திரும்பிப் பார்த்தவர் வெடிக்காரர்.

"தவசி."

"இருங்கண்ணே, கடிச்சிருவான் போல."

"தவசி, கீழ யாரு?"

பெரிய பாறையின் ஓரத்தில் ஒரு கட்டை ஊன்றியது. பிறகு ஒரு கால் வந்தது. மருந்து வைத்த குழிகளுக்கு நடுவே போகிற பாதை அது. வேறு பாதை இல்லை.

நெஞ்சின் மேலிருந்த முழங்கால் எழுந்துகொண்டது. தாடையைப் பிடித்திருந்த கை நழுவியது.

வெடிக்காரர் பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டும் வானத்தையே பார்த்தார்.

"நொண்டிய யாருடா எண்ணுனது?" என்றான் சன்னாசி. அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.



மேஸ்திரி கீழே உட்கார்ந்தார். அவன் முகத்துக்கு நேரே கையை ஏந்தினார்.

"சாவியக் குடுத்துரு சாமி."

அவன் வாயைத் திறக்கவில்லை.

கீழே அவள் ஒருமுறை நின்றாள். மேட்டில் எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டையை ஊன்றினாள்.

மேற்கே வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

குழிகளைத் தாண்ட அவள் இன்னும் அறுபது எட்டு வைக்க வேண்டியிருந்தது.