செவ்வாய் மாப்பிள்ளை – 2

‘செவ்வாய் மாப்பிள்ளை’ முதல் பாகத்துக்கு எங்கள் ஊர் கோபி தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் பாகத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில்தான் நான் சுடிதார் கையை மேலேற்றி, என் கணவர் சூடு வைத்த தழும்பை போன் வெளிச்சத்தில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இனி நீ அங்க போக வேண்டாம் அம்மிணி,” என்றாள்.

படம் சரியில்லை என்றால் இப்போதெல்லாம் தியேட்டர் வாசலிலேயே மறதிக் கவுன்ட்டர் திறந்துவிடுகிறார்கள். எந்தப் பகுதி வேண்டாமோ அதைச் சொன்னால் போதும், மனதிலிருந்து எடுத்துவிடுவார்கள். முதல் பாகமாவது நல்லபடியாக நினைவில் இருக்கட்டும் என்று ஊரே வரிசையில் நின்றது. நான் ஸ்கூட்டரை எடுத்து வருவதற்குள் அம்மாவும் உள்ளே போய் வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் என் பையில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. பத்து மணி பஸ்ஸுக்குக் கெளம்பு அம்மிணி.”

படத்தோடு சேர்ந்து நான் சொன்னதும் போய்விட்டது, பாவம் அவள் என்ன செய்வாள் என்று நினைத்தேன். மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பூங்கொடி எட்டிப் பார்த்தாள்.

“நேத்து படம் எப்படிங்கக்கா?”

“அதை ஏன் கேக்கறே. எடவேளைக்கு அப்புறம் உக்காரவே முடியல. கடைசில ராக்கெட்டு கெணத்துக்குள்ள உழுகுது, அதோட முடிச்சுட்டான்.”

படம் முழுவதும் அம்மாவுக்கு நினைவிருந்தது.

பையை என் கையில் கொடுத்து, எந்த உறுத்தலும் இல்லாத முகத்தோடு, “பாத்துப் போயிட்டு வா,” என்றாள்.