சர்ச் மேட்டில் நின்ற கார்

அமெரிக்காவில் கார்கள் புதிதாக வந்த காலம். ஓரின் செய்த கார் சர்ச் மேட்டில் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிகாகோ வியாபாரி, மேட்டைத் தாண்டினால் ஐம்பது கார் வாங்குவதாகச் சொன்னவர். தாண்டாவிட்டால், பன்னிரண்டு பேர் பிழைக்கும் ஓரினின் சின்னக் கார் கம்பெனியைத் திங்கட்கிழமையே பூட்டவேண்டியதுதான்.

"ஒரு குதிரையை வாங்கிக் கட்டுப்பா!" என்று கீழேயிருந்து கத்தினார் கிதியோன். வாடகைக் குதிரை லாயம் வைத்திருப்பவர். ஓரினைக் கேலி செய்யாத நாளே அவருக்குக் கிடையாது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊரே சிரித்தது.

ஓரின் இறங்கி, இன்ஜினைக் கிளப்ப முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றினான். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. வியாபாரி இறங்கத் தயாரானார். ஓரின் கண்ணை மூடி, "ஆண்டவரே!" என்றான்.

கண் திறந்தபோது கிதியோன் மூச்சிரைக்க எதிரே நின்றார்.

"டேங்க்ல பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"கால்வாசி. ஏன், அதுக்கும் கேலியா?"

"மண்டு! டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கு. வண்டி மூக்கைத் தூக்கினா பெட்ரோல் எப்படி முன்னால இன்ஜினுக்குப் போகும்? திருப்பு. பின்பக்கமா ஏத்து!"

இருவருமாகத் தள்ளித் திருப்பினார்கள். ஓரின் மறுபடி கைப்பிடியைச் சுற்ற, இன்ஜின் பிடித்துக்கொண்டது. கார் பின்பக்கமாகவே குடுகுடுவென்று ஏறி, சர்ச் வாசலில் போய் நின்றது. வியாபாரி சிரித்தபடி பேனாவை எடுத்தார்.

"செஞ்ச எனக்கே தெரியலையே! உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கிதியோனின் முகம் சிவந்தது.

"பேரை மறைச்சு, பக்கத்து ஊர் ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லி, உன்னோட முதல் காரை வாங்கினது நான்தான்டா. யாராவது ஒருத்தர் முதல்ல வாங்கணுமேன்னு... ராத்திரியில ஓட்டிப் பார்த்தப்ப இதே மேட்டுல எனக்கும் நின்னுச்சு. லாயத்துல, வைக்கோலுக்கு அடியில நிக்குது."